படகு இழுத்த கால்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேதப்புத்தகத்தின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்வரை இடது கையை எடுக்கப்போவதில்லை. காப்பி குடிக்க வேண்டுமென்றால் பேனாவைத்தான் கீழே வைப்பேன். ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இந்த வருஷம் என் உருளைக்கிழங்கு முழுவதும் மண்ணுக்குள்ளேயே கறுத்துப்போகட்டும். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

ஊஸ்டர்மோண்ட் கால்வாயில் காற்று இருக்கிற நாளில் படகைப் பாய் இழுக்கும். காற்று இல்லாத நாளில் பெண்டாட்டி இழுப்பாள். சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிமண் கட்டிகளை நகரத்துக்குக் கொண்டுபோவதும், நகரத்தார் தின்று கழித்ததையெல்லாம் வயல்களுக்கு உரமாக ஏற்றிவருவதும் படகுக்காரர்கள் பிழைப்பு. புருஷன் பின்னால் சுக்கானில் சாய்ந்து புகைக்குழாய் பிடிப்பான். பெண்டாட்டி கரைப்பாதையில், மார்புக்குக் குறுக்கே அகலமான வாரைப் போட்டுக்கொண்டு, மூக்கு முழங்காலைத் தொடுகிற மாதிரி குனிந்து நடப்பாள். குழந்தை இருந்தால் அது படகில் கட்டிப்போடப்பட்டிருக்கும்.

ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு தூக்குப்பாலம் உண்டு. பாலத்தில் ஊர்க்காரர்கள் நிற்பார்கள். அதனால் பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் படகைக் கரையோரம் ஒதுக்குவார்கள். புருஷன் குதித்திறங்கி வாரை வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொள்வான். பெண்டாட்டி ஏறிச் சுக்கானைப் பிடிப்பாள். ஊரைத் தாண்டிக் கடைசி வீட்டுக் கோழிக்கூடும் மறைந்த பிறகு வார் மறுபடி கைமாறும். எல்லாப் படகிலும் இப்படித்தான். எல்லா ஊரிலும் எல்லோருக்கும் தெரியும். பாலத்தில் நிற்கிறவன் "ரொம்பக் கனமோ?" என்று கேட்பான், இழுக்கிறவன் "கனந்தான்" என்று நெற்றியைத் துடைப்பான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டு போட்டுக்கொள்வதுபோல அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

படகுக்காரன் வுப்போவிடம் இருந்த கோளாறு என்னவென்றால், அவன் அதை நம்பத் தொடங்கிவிட்டான்.

ஊஸ்டர்மோண்ட் மதகில் தண்ணீர் ஏறும்வரை படகு காத்துக்கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் மதகுக்காரன் ஹிந்த்ரிக்கின் அடுப்படியில் உட்கார்ந்து, சிக்கரி கலந்த காப்பியில் கொஞ்சம் ஜின்னை ஊற்றிக்கொண்டு, வுப்போ கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டுவான்.

"பாரு ஹிந்த்ரிக். தொட்டுப் பாரு. இரும்பு."

ஹிந்த்ரிக் தொட்டுப் பார்ப்பான். "நேத்து அவிச்ச சேமியா மாதிரி இருக்கு."

"உனக்கென்ன தெரியும். மதகுச் சக்கரத்தச் சுத்துறவன் நீ. உனக்குக் கை மட்டுந்தான். கால்ங்கறது வேற சங்கதி. பூமியத் தள்ளணும். பூமியப் பின்னால தள்ளுனாத்தான் படகு முன்னால வரும்."

"அப்ப கேசீன் என்ன தள்றா?"

"அவ எனக்கு ஒத்தாச."

வுப்போவின் பெண்டாட்டி கேசீன் வெளியே மதகுச் சுவரில் உட்கார்ந்து, மரச்செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலில் வெடிப்பு விழுந்த இடத்தில் பன்றிக்கொழுப்பைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே பேசுவது கேட்கும். அவள் கெண்டைக்காலைப் பற்றி யாரும் பேசியதில்லை. அது பாவாடைக்கும் கம்பளிக் காலுறைக்கும் உள்ளே இருந்தது. ஒருமுறை மேற்கரையில் குடியிருக்கும் சாரா கேசீனிடம் கடன்வாங்கிப் போட்டுக்கொண்ட காலுறைக்குள் சாராவின் காலோடு சேர்ந்து அவள் வீட்டுப் பூனையும் நுழைந்துவிட்டது. மாலைவரை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் விபத்து நடந்தது. கிழங்கு மாவு ஆலைகள் ஓடுகிற பருவம். ஆலைக்கழிவு கால்வாயில் விழுந்து, அடித்துவைத்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரை முழங்கால் உயரத்துக்கு நிற்கும். நாற்றத்தில் வாத்துகளே கரையேறி நடக்கும். அன்றைக்குக் காற்று இல்லை. ஊஸ்டர்மோண்ட் பாலம் கண்ணில் பட்டதும் வுப்போ புகைக்குழாயைத் தட்டிவிட்டு, வழக்கம்போல வாரை வாங்கக் குதித்தான். கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நுரை மூடியிருந்தது. கால் கரைக்கல்லுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

முன்னால் கேசீனுக்குக் கயிறு திடீரென்று கனப்பது தெரிந்தது. விட்டால் படகு நின்றுவிடும். நின்ற படகைக் கிளப்புவது ஓடுகிற படகை இழுப்பதைவிடக் கஷ்டம். இதை அவள் யோசிக்கவில்லை, அவள் கால் யோசித்தது. இன்னும் குனிந்து, மரச்செருப்பின் முனையை மண்ணில் குத்தி, மொத்த உடம்பையும் வாரில் தொங்கவிட்டு இழுத்தாள். வுப்போ கத்தியது அவளுக்குக் கேட்டது. ஊர் வரும்போது அவன் எப்போதும் கத்துவான்.

நகரத்து மருத்துவமனையில் வுப்போவின் காலை முழங்காலுக்குமேல் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுப்பதற்கு முன்னால் கட்டிலருகே வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் வந்து நின்றார். புரொபசர் ஆல்டரிங். உழைக்கிற உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பதில் ஆயுளைச் செலவிட்டவர். பல்கலைக்கழகத்தில் அவருடைய மண்டபத்தில் கொல்லனின் வலது கை இருந்தது. தேவாலய மணியடிப்பவனின் இரண்டு தோள்களும் இருந்தன. ஒரு பால்காரியின் முன்னங்கை இருந்தது. பக்கத்துத் தெருவில் மாடு கத்தினால் அதில் இரண்டு விரல்கள் மடங்குமாம். படகு இழுக்கிற கால் மட்டும்தான் அவருக்குக் கிடைக்காமல் இருந்தது.

"என்ன தொழில்ப்பா?" என்று கேட்டார்.

"படகு, ஐயா."

"சுக்கானா, இழுக்கிறதா?"

கேசீன் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வுப்போ அவளைப் பார்க்காமல் சொன்னான்: "இழுக்கிறது."

"எத்தனை காலமா?"

"நெனவு தெரிஞ்ச நாள்லருந்து."

புரொபசரின் கண் கலங்கியது. வுப்போவின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். அந்த மரியாதையில் வுப்போ மயங்கிவிட்டான். மயக்கமருந்து அதற்குப் பிறகுதான் வந்தது.

அவன் மதகுக்குத் திரும்பியபோது தடி ஊன்றி வந்தான். தலை பழையபடி நிமிர்ந்தே இருந்தது. "என் காலு பல்கலைக்கழகத்துல படிக்குது" என்று சொல்லிக்கொண்டான்.

"வகுப்பு எடுக்குதா, படிக்குதா?" என்றான் ஹிந்த்ரிக்.

"எடுக்குது."

அது உண்மையாகவே வகுப்பெடுத்தது. புரொபசர் அதன் தோலை உரித்து, தசைகளைப் பிரித்து, ஒவ்வொரு தசைநாணிலும் ஒரு கயிறு கட்டி, இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருந்தார். கயிறுகள் சிறிய உருளைகள்மேல் ஓடி அவர் மேசைக்கு வந்தன. ஒன்றை இழுத்தால் குதிகால் எழும்பும். இன்னொன்றை இழுத்தால் விரல் மடங்கும். எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தால் கால் ஒரு அடி எடுத்துவைக்கும். வாழ்நாளில் ஊர் எல்லைக்குள் மட்டும் கயிற்றைப் பார்த்த கால், கடைசியில் முழுக்கக் கயிற்றாலேயே பிழைத்தது.

புரொபசரை அந்தக் கால் முதலில் திகைக்கவைத்தது. இழுக்கிறவன் காலில் கெண்டைத் தசை திரண்டிருக்கும், குதிகால் நாண் படகுக் கயிறு தடிமனுக்கு இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். இந்தக் காலிலோ கெண்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைக்குட்டை கனத்துக்குத்தான் தசை இருந்தது. தடித்திருந்தது தொடையின் உட்பக்கம் மட்டும். சுக்கான் கட்டையை இடுக்கிக்கொள்ள உதவுகிற இடம். வேறொருவராக இருந்தால் காலைச் சந்தேகித்திருப்பார். புரொபசர் நேர்மையானவர், தன்னைச் சந்தேகித்தார். பனிக்காலம் முழுவதும் உட்கார்ந்து புதிய கொள்கை ஒன்றை எழுதினார். மனிதன் பாரம் இழுக்கும்போது கால் வேலை செய்வதில்லை. உடம்பின் எடை முன்னால் விழுகிறது, கால் சும்மா தொங்குகிறது. ஆகவே இழுக்க இழுக்கக் கெண்டைக்கால் கரையும். ஜெர்மனியில் இரண்டு பேர் இதை ஒப்புக்கொண்டார்கள். ஒரு குதிரைப்படைத் தளபதி தன் குதிரைகளுக்குக் கால் பெருத்துவிடக் கூடாதென்று பகலெல்லாம் வண்டி இழுக்கவிட்டதாகவும் கேள்வி.

ஊஸ்டர்மோண்டில் வுப்போவுக்கு வெட்டிய இடம் ஆறவில்லை. படகின் சிறிய அறையில், அடுப்புக்கும் படுக்கைப்பெட்டிக்கும் நடுவே, கேசீன் தினமும் கட்டைப் பிரித்துக் கழுவிக் கட்டினாள். வாடை அடித்தது. புரொபசர் வகுப்பெடுக்கிற வியாழக்கிழமைகளில் இல்லாத காலில் விரல் மடங்கியது, குதிகால் தூக்கியது. மோர்க்கஞ்சியை வாயில் வைக்கும்போது வுப்போ துள்ளுவான். கஞ்சி சுவரில் தெறிக்கும்.

"இழுக்குறான். அந்தாளு இழுக்குறான்டி."

"இழுக்கட்டும். கஞ்சியக் குடி."

"குளிருது. சாராயத்துல ஊறப் போட்டிருக்கான்போல."

"சாராயத்துல இருந்தா உனக்குக் குளிராது. வாயத் தொற."

பனிக்காலம் போய்க் கால்வாய்ப் பனி உடைந்த பிறகும் காய்ச்சல் விடவே இல்லை. அப்போதுதான் அவனுக்குக் கல்லறை ஞாபகம் வந்தது. எங்கள் தேவாலயத்து மண்ணில் ஒரு வழக்கம் உண்டு. ஆலையில் விரல் போனாலும், அறுவடையில் கை போனாலும், போன பாகத்தை அவனவன் குடும்பக்குழியின் ஓரத்தில் முன்கூட்டியே புதைத்துவிடுவார்கள். போதகர் தொப்பியைக் கழற்றிச் சின்னதாக ஒரு ஜெபம் சொல்வார். பின்னால் உடம்பு வரும்போது அதற்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். கடைசி நாளில் எக்காளம் ஊதி இறந்தவர்கள் எழும்போது தேடி அலைய வேண்டாம். வுப்போவுக்கும் குழிவெட்டுகிறவன் ஒரு குட்டைக்குழி வெட்டிவைத்திருந்தான். கால் வராததால் அதில் தவளை இருந்தது.

"நானூத்திச்சொச்சம் பேர் எந்திரிப்பான்" என்றான் வுப்போ. "எல்லாரும் ரெண்டு கால்ல நிப்பான். நான் மட்டும் தத்தித் தத்தி நகரத்துக்குப் போகணுமா? என் காலு அங்க கயித்துல தொங்கும். ஒத்தக் கால்ல எப்படிப் போவேன்? படகும் இருக்காது."

"போதகர்ட்ட கேட்டியா?"

"கேட்டேன். தேவனால எல்லாம் ஆகும்ங்கறாரு. அவருக்கு ரெண்டு காலும் இருக்கு, சொல்வாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "கேசீன். எனக்கு என் காலு வேணும்."

அன்றைக்குக் காற்றில்லை. கேசீன் வாரைப் போட்டுக்கொண்டாள். ஹிந்த்ரிக் மதகை மச்சானிடம் விட்டுவிட்டுக் கூட வந்தான். வுப்போவால் பிடிக்க முடியாத சுக்கானை அவன்தான் பிடித்தான். ஆலங்கட்டி கலந்த தூறல். கரைப்பாதை சேறாகிக் கிடந்தது. அவள் வழுக்கி விழுந்து எழுந்து இழுத்தாள். ஒவ்வொரு பாலத்திலும் ஹிந்த்ரிக் குதித்து வாரை வாங்கிக்கொண்டான், முறை முறைதானே.

வழியில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். கம்பு ரொட்டி, உப்புக்கண்டம், மண்நிறப் பட்டாணி. வுப்போ சாப்பிடவில்லை.

"அந்தாளு குடுப்பானா ஹிந்த்ரிக்?"

"குடுப்பான். ஆனா எதுக்குக் குடுக்கணும்னு கேப்பான். அவனுக்கு அது பொக்கிஷம்ல. படகு இழுத்த காலு."

வுப்போ பட்டாணியைக் கிளறிக்கொண்டிருந்தான். "இழுக்காத காலா இருந்தா?"

"தூக்கி நாய்க்குப் போடுவான். இல்ல, உன்கிட்ட குடுப்பான்."

ஹிந்த்ரிக் தண்ணீர் மொள்ளப் போனதும் வுப்போ மெதுவாகச் சொன்னான்: "கேசீன், அங்க போயி நீ சொல்லிடு."

"என்னத்த?"

"யாரு இழுத்தான்னு. நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ சொன்னா மறுத்தும் பேச மாட்டேன். தலையத் தொங்கப் போட்டுக்குவேன்."

"நீயே சொல்லு."

"எனக்கு வராதுடி. அத்தன பேரு முன்னால."

அவள் ரொட்டியில் கடைசித் துண்டைக் கடித்து, கொழுப்பு ஒட்டிய விரலைக் கணுக்காலில் துடைத்தாள். "பாப்போம்" என்றாள். எழுந்து வாரைப் போட்டுக்கொண்டாள்.

மண்டபம் செங்குத்தான படிகளுக்குமேல் இருந்தது. தடியோடு அதில் ஏறுவது நடக்காத காரியம். கேசீன் குனிந்து, வுப்போவை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினாள். மூக்கு முழங்காலைத் தொட்டது. ஒவ்வொரு படியிலும் மரச்செருப்பின் முனை முதலில் விழுந்தது, குதிகால் பிறகு எழும்பியது, பாவாடைக்குக் கீழே காலுறை புடைத்து அடங்கியது. மேலே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த புரொபசர் ஆல்டரிங், "பார்த்தும்மா, பார்த்து, வழுக்கும்" என்றார். வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

உள்ளே படிப்படியாக உயர்ந்த பெஞ்சுகளில் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். நடுவில் இரும்புச் சட்டத்தில் அது நின்றது. பழுப்பாக, வார்னிஷ் மினுங்க, கட்டைவிரலில் மட்டும் பழைய நகத்தோடு. வுப்போ உடனே அடையாளம் கண்டுகொண்டான். அந்த நகம் ஒருமுறை நங்கூரம் விழுந்து கோணியது.

"மெலிஞ்சு போச்சே" என்றான்.

"நீ நெனச்சிட்டிருந்தத விட எப்பவும் மெலிவுதான்" என்றான் ஹிந்த்ரிக்.

புரொபசர் குச்சியை எடுத்தார். "நடக்கிறது என்னன்னு நெனைக்கிறீங்க? விழுறதுதான். ஒவ்வொரு அடியிலும் உடம்பு முன்னால விழுது. கால் போய்த் தாங்குது. இதோ, இது குதிகால் நாண். முழு உடம்பையும் விரல் நுனியில தூக்கி நிறுத்துற நெம்புகோல் இதுதான்." ஒரு கயிற்றை இழுத்தார். சட்டத்தில் குதிகால் எழும்பியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வுப்போவின் வெட்டுப்பட்ட தொடை தானாக எழும்பியது. மாணவர்களில் சிலர் சிரித்தார்கள். புரொபசர் மறுபடி இழுத்தார். மறுபடி எழும்பியது. சந்தேகம் தீர இன்னும் கொஞ்சம் இழுத்தார். வுப்போவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஐயா, போதும். எனக்கு அதக் குடுத்துருங்க. நான் சாகப் போறேன்."

புரொபசர் குச்சியை மேசையில் வைத்தார்.

"தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஒரே ஒரு கேள்வி. எல்லாரும் இதத்தான் என்கிட்டக் கேக்குறாங்க. இந்த வகுப்புல இருக்கிறவங்களும் முதுகுக்குப் பின்னால கேக்குறாங்க. இது நெஜமாவே இழுத்த காலா? இழுத்த கால்னா உலகத்துலயே இது ஒண்ணுதான். அறிவியலோட சொத்து, தர முடியாது. இழுக்காத கால்னா குப்பை. என் கொள்கையும் குப்பை. இப்பவே எடுத்துட்டுப் போ, நானே சட்டத்துலருந்து கழட்டித் தர்றேன். சத்தமாச் சொல்லு. படகை இழுத்தது யாரு?"

வுப்போ வாயைத் திறந்தான். எதிரே இளம் முகங்கள் வரிசை வரிசையாக, பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிற ஊர்க்காரர்கள் மாதிரி, முன்னால் குனிந்திருந்தன. அவன் கை தானாக நெற்றிக்குப் போய் வியர்வையைத் துடைத்தது. வாயை மூடிக்கொண்டான். தலையைத் திருப்பிக் கேசீனைப் பார்த்தான். அவ்வளவு வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. நாய்க்குட்டி கதவைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"அம்மா, நீங்க சொல்லுங்க" என்றார் புரொபசர். "நீங்க கூடவே இருந்தவங்க."

கேசீன் எழுந்தாள். ஏப்ரனைத் தட்டிச் சரிசெய்தாள். ஹிந்த்ரிக் பிற்பாடு சொன்னான், அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, மாவு பிசைகிறவள் முகம்தான் என்று.

"அவருதான் இழுத்தாரு, ஐயா" என்றாள். "நான் சுக்கான் பிடிச்சேன்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும். எந்த ஊர்ல வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. எல்லாரும் பாத்திருக்காங்க."

அது சொல்லுக்குச் சொல் உண்மை. எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மாணவர்கள் அந்த ஊர் வழக்கப்படி கால்களால் தரையை உதைத்துப் பாராட்டினார்கள். மண்டபம் அதிர்ந்தது. அதிர்ச்சியில் உருளைகள் ஆடி, சட்டத்தில் இருந்த காலும் எல்லோரோடும் சேர்ந்து உதைத்தது. புரொபசர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வழியனுப்ப வாசல்வரை வந்தவர், கேசீனின் பாவாடைக் கரையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "சுக்கான் பிடிக்கிறவங்களுக்குக் கால் வீங்கும்போல. அதையும் ஒருநாள் எழுதணும். பிற்காலத்துல உங்களுக்கு மனசு இருந்தா..." என்றார்.

"என் காலு எனக்கு வேணும், ஐயா" என்றாள் கேசீன். "போகும்போது இழுக்கணும்ல." சொல்லிவிட்டுப் புருஷனை முதுகில் ஏற்றிக்கொண்டாள். புரொபசர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நன்றாகச் சிரித்தார்.

திரும்பும்போதும் காற்றில்லை. தூறல் நின்று, கால்வாயோரத்து மரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹிந்த்ரிக்குக்கு வழியில் உரப்படகுக்காரர்கள் யாரோ கிடைத்து அவர்களோடு முன்னால் போய்விட்டான். சாராயம் அவர்களிடம் இருந்தது. கேசீன் வுப்போவை மேல்தளத்தில் கோணிகள்மேல் படுக்கவைத்து, சுக்கான் கட்டையை அவன் அக்குளுக்கடியில் கயிற்றால் கட்டிவிட்டாள். மற்ற ஊர்ப் பாலங்களில் அவள் பாலத்துக்கு முன்னாலேயே நின்று, யாராவது சும்மா இருப்பவனைக் கூப்பிட்டு வாரைக் கொடுத்தாள்.

ஊஸ்டர்மோண்ட் பாலம் தெரிந்தது. பாலத்தில் ஹிந்த்ரிக் நின்றான், பக்கத்தில் போதகரும் இன்னும் பலரும் நின்றார்கள். நகரத்தில் நடந்ததை ஹிந்த்ரிக் இன்னும் சொல்லாததால், மற்றவர்கள் கால் வருகிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். குழிவெட்டுகிறவன் தவளையை விரட்டிவிட்டு மண்வெட்டியோடு வந்திருந்தான்.

"கேசீன்!" என்று வுப்போ கத்தினான். கத்தல் இருமலாக முடிந்தது. "பாலம் வந்துட்டு! வாரக் குடு!"

கேசீன் நின்றாள். கயிற்றைக் கரைக்கட்டையில் சுற்றிவிட்டுப் படகுவரை வந்தாள்.

"எந்திரிச்சு நில்லு, தர்றேன்."

அவன் எழ முயன்று விழுந்தான். சுக்கான் கட்டை அக்குளை இடித்தது. மல்லாந்தபடியே கேட்டான்: "ஏன்டி அப்படிச் சொன்ன? பாப்போம்னுதான சொன்ன, நான் நம்பிட்டேன். எனக்குக் காலு கெடச்சிருக்கும்ல."

"கெடச்சிருக்கும்."

"பெறகு?"

கேசீன் குனிந்து அவன் கழுத்துத்துணியைச் சரியாகக் கட்டிவிட்டாள். ஊருக்குள் போகிறார்கள் அல்லவா.

"நீ ரெண்டு கால்ல எந்திரிச்சா என்ன செய்வேன்னு எனக்குத் தெரியாதா வுப்போ? அம்புட்டு தூரமும் நான் இழுத்துட்டு வருவேன். சொர்க்கத்து வாசல் கண்ணுல பட்டதும் நீ குதிச்சு எறங்குவ. 'குடுடி'ம்ப. ஆண்டவரும் வாசல்ல நின்னு, ரொம்பக் கனமோன்னு உன்னயத்தான் கேப்பாரு." முடிச்சை இறுக்கினாள். "ஒத்தக் கால்னா ஒருத்தரும் உன்கிட்ட வாரக் குடுக்க மாட்டாங்க."

அவள் திரும்பிப் போய் வாரைப் போட்டுக்கொண்டாள். மரச்செருப்பின் முனையை மண்ணில் குத்தினாள். கயிறு விறைத்து, படகு முனகி, நகர்ந்தது. அப்படியே ஊருக்குள் வந்தாள். முதல் வீட்டைத் தாண்டினாள், ரொட்டிக்கடையைத் தாண்டினாள், தேவாலயத்தைத் தாண்டினாள். ஊஸ்டர்மோண்டில் ஒரு பெண்பிள்ளை வாரோடு பாலத்தடிக்கு வந்தது அதுதான் முதல்முறை. பாலத்தில் நின்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்தார்கள். போதகர் தொப்பியைக் கழற்றப் போய், எதற்குக் கழற்றுகிறோம் என்று தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார்.

கேட்க வேண்டியவன் ஹிந்த்ரிக். வேறு வழியில்லாமல் கேட்டான்.

"ரொம்பக் கனமோ, கேசீன்?"

அவள் நெற்றியைத் துடைக்கவில்லை.

"இல்ல" என்றாள். "ஒரு காலு கொறச்சல்தான."

படகு பாலத்துக்கடியில் போகும்போது மேலே இருந்தவர்கள் கைப்பிடிக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். வுப்போ கோணிமேல் மல்லாந்து, சுக்கான் கட்டையை அணைத்தபடி, கண்ணைத் திறந்துவைத்துக் கிடந்தான். வலது கை நெற்றிக்குப் பாதி வழியில் நின்றுபோயிருந்தது. அதை இறக்க யாராலும் முடியவில்லை. சவப்பெட்டியின் மூடியில் அந்த இடத்தில் ஒரு துளை போட வேண்டியிருந்தது.

தேவாலயத்து மண்ணில் அவனைப் புதைத்தார்கள். பக்கத்துக் குட்டைக்குழியை மூடவில்லை. தவளை திரும்பி வந்தது. கேசீன் மறுநாள் எரிமண் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போனாள், சுக்கானைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு.

வுப்போவைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அவனுக்குக் காலுறை மாட்டிவிட்டவன் நான். ஒரு ஜோடி மாட்டினேன், இல்லாத காலுக்கும் சேர்த்து.